என்ஜினுக்குள் ஒரு டிக் டிக்

4

தி.நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், பல் டாக்டருக்கும் மிக்ஸி ரிப்பேர்காரருக்கும் நடுவே இருக்கிறது சுந்தரவல்லியின் துப்பறியும் அலுவலகம். அன்று காலை பத்தே காலுக்கு அங்கே வந்த கேஸில் பிணம் இல்லை, ரத்தம் இல்லை, ஓடிப்போன மாப்பிள்ளைகூட இல்லை. வெறும் டிக் டிக் சத்தம்தான்.

சுந்தரவல்லி இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட கார்களைப் பரிசோதித்தவள். கார்கள் பொய் சொல்வதில்லை, அவற்றின் சொந்தக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்பது அந்த இருபது வருடத்தில் அவள் கற்ற ஒரே பாடம். அதை வைத்துக்கொண்டு வேலையை விட்டுத் துப்பறிய வந்துவிட்டாள். உதவியாளன் டெரிக், சாந்தோம்காரன். சம்பளத்தைவிட வாய் பெரியது. கேஸைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவனும் அவன்தான்.

"லூயிஸ் அங்கிள், மேடம். சர்ச் கொயர்ல எங்கூட பாடறவரு. பாவமன்னிப்புக்குப் போனாகூட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம ஃபாதர் டைம வேஸ்ட் பண்ற ஆளு. இவரு என்ஜின கொன்னுட்டாருன்றானுங்கோ."

லூயிஸுக்கு ஐம்பத்து நாலு வயது. வேலை போகிற நாளிலும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். மயிலாப்பூரில் கற்பக நிவாஸ் என்ற அடுக்ககத்தில், ஆடிட்டர் ஸ்ரீநாத் வீட்டில் ஒன்பது வருடமாக டிரைவர். பத்து நாளாக அந்தக் காரின் என்ஜினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். முந்தின நாள் அடையாறில் ஒரு மெக்கானிக் ஆயிலை இறக்கிப் பார்த்தார். மூன்றரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை லிட்டர்தான் இருந்தது. டிரைவர் ஆயில் பார்க்காமல் ஓட்டி என்ஜினை நாசம் செய்துவிட்டான் என்று ஸ்ரீநாத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்ரீநாத் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூட்டம், ஒரே ஒரு தீர்மானம்: லூயிஸை இனி எந்த வீட்டிலும் வண்டி ஓட்ட வைக்கக் கூடாது. நகல், அக்கம்பக்கத்து சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு. மயிலாப்பூரில் கெட்ட பெயர் அடையாறு போய்ச் சேர ஒரு காபி ஆறும் நேரம் போதும். அதற்கப்புறம் லூயிஸை நம்பி யாரும் ஒரு சாவியைத் தர மாட்டார்கள்.

"டெய்லி காலைல ஏழு மணிக்கு ஆயில் ஸ்டிக்க உருவி, தொடச்சி, மறுபடி வுட்டு எடுத்து, சார் கண்ணு முன்னாடி காட்டுவேன் மேடம்," என்றார் லூயிஸ். "ஃபுல்லு. நேத்து காலைல வரிக்கும் ஃபுல்லு."

ஆயில் ஸ்டிக் என்பது என்ஜினுக்குள் செருகியிருக்கும் ஒல்லியான கம்பி. தலையில் மஞ்சள் வளையம், நுனியில் இரண்டு கோடு. மேல்கோடு வரை ஆயில் ஒட்டியிருந்தால் ஃபுல். குழந்தைகூடப் படிக்கலாம், ஆடிட்டர் தேவையில்லை.

"நீங்க காட்டும்போது சார் பார்ப்பாரா?" என்றாள் சுந்தரவல்லி.

"பேப்பர் படிச்சிக்கினு தலையாட்டுவாரு."

சுந்தரவல்லி அன்று குறிப்பு நோட்டில் எழுதிய முதல் வரி அதுதான்.

லூயிஸோடு மயிலாப்பூருக்கு ஆட்டோவில் ஏறியதும் டெரிக் கேஸை முடித்துவிட்டான். ஸ்டிக்கில் ஃபுல் இருந்தது, இறக்கினால் பாதிதான் வந்தது என்றால் இரண்டு பேரில் ஒருவர் சொல்வது பொய். அங்கிள் இல்லை. ஆகவே மெக்கானிக். என்ஜினைப் பிரிக்கிற வேலை கிடைக்கட்டும் என்று அளவைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான். லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தைச் சுற்றி ஆட்டோ மூன்று தெரு அலைந்ததில், அவனுக்கு இந்தக் கதையை இரண்டு தடவை சொல்ல நேரம் கிடைத்தது. சுந்தரவல்லி இரண்டு தடவையும் கேட்கவில்லை.

கற்பக நிவாஸில் ஆறு வீடு, இரண்டு கார், நாலு ஸ்கூட்டர், வாசல் பலகையில் பதினேழு நோட்டீஸ். துணி சொட்டக் கூடாது, செருப்பு வாசலில் கிடக்கக் கூடாது, பால்காரர் மணியை இரண்டு தடவைக்கு மேல் அடிக்கக் கூடாது. எல்லாவற்றின் கீழும் தலைவர் ஸ்ரீநாத்தின் கையெழுத்து. நோட்டீஸ் இல்லாத இடத்தில் போட்டோ: கொடியேற்றும் தலைவர், ஆயுத பூஜையில் கற்பூரம் காட்டும் தலைவர், மரக்கன்று நடும் தலைவர்.

"சாக்கட மூடி மாத்துனதுக்குக்கூட ரிப்பன் வெட்டிக்கீறாரு மேடம்," என்று டெரிக் ஒரு போட்டோவைக் காட்டினான். சுந்தரவல்லி பலகை முழுவதையும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

ஸ்ரீநாத்தின் கார் அடையாறு பட்டறையில் கிடந்ததால் அதன் இடம் காலியாக இருந்தது. பக்கத்து இடத்தில் அதே கம்பெனியின் பெரிய கார் ஒன்று நின்றது. அதன் தலைக்கு மேல் தூணில் பதினெட்டாவது நோட்டீஸ்: புகை கக்கும் இவ்வாகனம் ஏழு நாளில் சீர் செய்யப்படாவிட்டால் நிறுத்தும் உரிமை ரத்து.

தலைவர் இறங்கி வந்தார். துப்பறிய ஆள் வந்திருக்கிறது என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நாப்பது கம்பெனிக்கு ஆடிட் பண்றேன். எங்காத்து வண்டில ரெண்டு லிட்டர் ஆயில் குறையறது. வண்டி யார் பொறுப்பு, டிரைவர் பொறுப்பு. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

வேறு யாராவது பானட்டைத் திறந்திருக்கலாமே என்று சுந்தரவல்லி பணிவாகக் கேட்டாள்.

"சாவி ராத்திரி என் தலமாட்டுல இருக்கும். இந்த பில்டிங்ல என்னையும் லூயிஸையும் தவிர அந்த பானட்டை இன்னி வரைக்கும் ஒருத்தர் தொட்டதில்லை. இதை வேணும்னா எழுதிக்கோங்கோ."

வேண்டும்தான். எழுதிக்கொண்டாள். இரண்டாவது வரி.

அதற்குள் முதல் மாடியிலிருந்து ஜலஜா மாமி இறங்கி வந்தாள். பாட்டு டீச்சர். மார்கழி பிறக்கப் போகிறது, மாடியில் நாலு சிஷ்யைகள் ஸ்வரம் தப்பிக்கொண்டிருந்தார்கள். புகை கக்கும் பெரிய கார் மாமியுடையது, தானே ஓட்டுவாள். டிக் டிக் சத்தத்துக்குச் சாட்சி சொல்ல அவளைவிட்டால் ஆள் இல்லை. பத்து நாளாக அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து பாட்டு வகுப்பைக் கெடுத்திருக்கிறது.

"கிளம்பறச்சே ஒண்ணாம் காலம், மிதிச்சா ரெண்டாம் காலம். என்ஜின் நின்னா தானும் நின்னுடும். கீழ் ஸ்தாயி கிடையாது, மேல் ஸ்தாயில சன்னமா தட்டிண்டே இருக்கும். தாளம் மட்டும் ஒரு நாள் தப்பினதில்லே. என் சிஷ்யைகளுக்கு அது வராது."

சுந்தரவல்லிக்கு மாமியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது வருடத்தில் எந்த மெக்கானிக்கும் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. மிதித்தால் வேகம் கூடுகிறது என்றால் சத்தம் என்ஜினுக்குள்ளேதான், சக்கரத்திலோ மின்விசிறியிலோ இல்லை. சன்னமாகத் தட்டுகிறது என்றால் என்ஜினின் உச்சியில் இருக்கும் டேப்பட். அடியில் கெட்டிருந்தால் தடதடவென்று இடிக்கும்.

"அடுக்கு வீட்ல தண்ணி கொறஞ்சா முதல்ல எந்தக் குழாய் காயும்?" என்று டெரிக்கைக் கேட்டாள்.

"மேல் மாடி. எங்கூட்ல வந்து பாருங்க மேடம்."

"என்ஜினும் அப்படித்தான். ஆயில் கொறஞ்சா முதல்ல உச்சிதான் தட்டும். அப்ப நிஜமாவே ஆயில் இல்லை. மெக்கானிக் பொய் சொல்லலை."

டெரிக்கின் முகம் தொங்கியது. லூயிஸின் முகம் அதற்கும் கீழே போயிற்று. மெக்கானிக் சொன்னது நிஜம் என்றால் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

மாமிக்குத் தன் வண்டிப் பிரச்சினையும் இருந்தது. நவராத்திரிக்கு அப்புறம் அது ஆயிலாய்க் குடிக்கிறது. ஸ்டிக்கைப் பார்த்தால் எப்போதும் குறைவு. வாராவாரம் யூட்யூபில் பார்த்தபடி அவளே ஊற்றுகிறாள். ஊற்ற ஊற்றப் புகைதான் வருகிறது, கூடவே தலைவரின் நோட்டீசும் வருகிறது.

அடையாறு போக ஏறிய ஆட்டோ தெருமுனை வந்ததும் டெரிக் புதுக் கதையோடு தயாராக இருந்தான். "பக்கத்து ஸ்லாட்டு. நோட்டீஸ் காண்டு. மாமி அங்கிள் வண்டி ஆயில உறிஞ்சி தன் வண்டிக்கு ஊத்திக்கினு கீது மேடம்."

"ஸ்ட்ரா போட்டா?"

டெரிக் அடையாறு பாலம் தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. அது அவனுடைய சாதனைதான்.

அடையாறு இந்திரா நகரின் உள்தெருவில் இருந்தது மெக்கானிக் நதீமின் பட்டறை. நதீம் கோபக்காரர். பொய்க்கணக்குச் சொன்னாரா என்று கேட்க ஆள் வந்திருக்கிறது என்று புரிந்ததும், முந்தின நாள் இறக்கிய ஆயிலை அளவுக் குவளையோடு கொண்டு வந்து டக்கென்று வைத்தார். ஒன்றரைக் கோட்டில் நின்றது. இறக்கும் முன் ஸ்டிக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். டேப்பட் தட்டுகிறது, ஆயில்தான் குறைவு என்று காதுக்கே தெரியும்போது ஸ்டிக் எதற்கு என்றார் நதீம்.

"நாடி பார்க்காமலே ரத்தம் எடுத்துட்டீங்க. பரவாயில்லை, எடுத்ததைத் திருப்பி ஊத்துங்க."

நதீம் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதே ஒன்றரை லிட்டரை ஊற்றினார். கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். லூயிஸ் ஸ்டிக்கை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். ஒன்பது வருடப் பழக்கத்தில் அதை ஸ்ரீநாத் நிற்க வேண்டிய இடத்தை நோக்கி நீட்டினார்.

மேல்கோடு. ஃபுல்.

நதீம் கம்பியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூன்றரை லிட்டர் வண்டி, ஒன்றரை லிட்டரிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்கிறது.

"நம்ம வட்டச் செயலாளர் மாதிரி மேடம்," என்றான் டெரிக். "பாதி நாற்காலி காலியா கீது, மைக்ல மக்கள் வெள்ளம்ன்றான்."

கார்கள் பொய் சொல்வதில்லை என்ற இருபது வருடக் கொள்கையை சுந்தரவல்லி அந்த இடத்திலேயே திருத்திக்கொண்டாள். பட்டறையில் இதே மாதிரி சின்னக் கார் இன்னொன்று நின்றது. அதன் ஸ்டிக்கை உருவிப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். இரண்டுக்கும் அதே மஞ்சள் வளையம், அதே பருமன். லூயிஸ் கையில் இருந்தது மட்டும் இரண்டு விரற்கடை நீளம் அதிகம். நீளக் கம்பி என்ஜினின் அடி வரை போய் முங்கிக்கொள்கிறது. அதனால் பாதி ஆயிலே அதற்கு வெள்ளம்.

"இது இந்த வண்டியோடது இல்ல," என்றார் நதீம். குரலில் கோபம் போய் மரியாதை வந்திருந்தது. "யாரோ மாத்திக்கீறாங்கோ."

சுந்தரவல்லி வளையத்தின் கழுத்தை நகத்தால் சுரண்டினாள். இடுக்கில் ஏதோ மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மோந்து பார்த்தாள். சந்தனம்.

லூயிஸுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு அவருக்கு லீவு. மறுநாள் வந்தபோது வளையத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன, துடைத்து வைத்தார். அன்றைக்கு ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஏறிக் காட்டியது.

"சார்கிட்ட சொன்னேன் மேடம். பகவான் கிருபைன்னார்."

ஆயுத பூஜைக்கு அடுத்த மாதம் ஸ்ரீநாத்தின் ஆபீஸ் வாசலில் இலவச சர்வீஸ் முகாம் ஒன்று நடந்தது. இலவசத்தை விட மாட்டார். அங்கே பழைய ஆயிலை மாற்றி, ஸ்டிக் ஃபுல் காட்டும் வரை ஊற்றி அனுப்பினார்கள். ஃபுல் எங்கே வந்தது என்பதுதான் இப்போது குவளையில் தெரிந்துவிட்டதே.

சுந்தரவல்லி செல்போனை எடுத்து, காலையில் பிடித்த படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். பிறகு அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். என்ன மேடம், என்ன மேடம் என்று டெரிக் பைக்குள் எட்டிப் பார்த்தான். ஐந்து மணிக்குக் கூட்டம், நேரமாகிறது என்றாள்.

நதீம் பழைய ஆயிலை மறுபடி இறக்கிவிட்டு, குவளையால் அளந்து மூன்றரை லிட்டர் புது ஆயில் ஊற்றினார். சாவியை லூயிஸ் திருகினார். டிக் டிக் டிக். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். லூயிஸ் உதடு மட்டும் அசைய ஏதோ ஜெபித்தார். நாலாவது நிமிடம் சத்தம் சன்னமாயிற்று. விட்டு விட்டு வந்தது. ஏழாவது நிமிடம் ஒரு டிக் வந்தது, அடுத்தது வரவில்லை. நதீம் ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் தலையிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். பிரிக்க வேண்டாம், பிழைத்துவிட்டது என்றார். இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

லூயிஸ் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். நதீம் பழைய சாமான் பெட்டியில் தேடிச் சரியான நீளத்தில் ஒரு ஸ்டிக் கொடுத்தார்.

ஐந்து மணிக்குக் கற்பக நிவாஸ் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தலைவர் தீர்மானத்தின் 'அலட்சியத்தாலும் நம்பிக்கைத் துரோகத்தாலும்' என்ற இடத்தை உருக்கமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கார் சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றது. ஜலஜா மாமிதான் முதலில் திரும்பினாள். கை தானாகத் தொடையில் தாளம் தேடியது, கிடைக்கவில்லை.

சுந்தரவல்லி சுருக்கமாகச் சொன்னாள். என்ஜின் கெடவில்லை. ஸ்டிக் மாறியிருந்தது. டிரைவர் தினமும் பார்த்தது நிஜம், கம்பி சொன்னதுதான் பொய். பிறகு மாமியிடம் அனுமதி கேட்டு பெரிய காரின் ஸ்டிக்கை உருவினாள். அது குட்டையாக இருந்தது. பட்டறையிலிருந்து கொண்டு வந்த நீளக் கம்பியை அதில் விட்டு எடுத்தாள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. குட்டைக் கம்பி எட்டாமல் குறைவு குறைவு என்று அழுதிருக்கிறது. மாமியும் தாய்ப்பாசத்தோடு ஊற்றி ஊற்றி, அஜீரணத்தில் வண்டி புகை விட்டிருக்கிறது.

ஸ்ரீநாத் ஒரு வினாடி இரண்டு கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வினாடி அவர் தலைவராகிவிட்டார். இது திட்டமிட்ட சதி, இரண்டு வாகனத்தையும் ஒரே கை கெடுத்திருக்கிறது என்றார். அந்தக் கை யாருடையது என்பது போல முதல் மாடியில் மாமி வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பேனாவைத் திறந்து தீர்மானத்தில் லூயிஸ் பெயரை அடித்துவிட்டு, மேலே எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்.

"ஸ்டிக்கை மாத்தினவா யாரா இருந்தாலும், பாதிக்கப்பட்டவா கிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். சங்கத்துல எந்தப் பதவியிலயும் இருக்கப்படாது. சரிதானே?"

ரொம்பச் சரி என்றாள் சுந்தரவல்லி. கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்னும் சரி. அவர் போட்டார். அழகான கையெழுத்து, பலகையில் பதினேழு இடத்தில் பார்த்ததுதான்.

அவள் செல்போனை நீட்டினாள். ஆயுத பூஜை போட்டோ. தலைவர் கற்பூரம் காட்டுகிறார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் தாம்பாளம். அதில் நாலு ஹெல்மெட்டுக்கு நடுவில், சந்தனப் பொட்டோடு, மஞ்சள் வளையம் போட்ட இரண்டு கம்பிகள்.

ஜலஜா மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மழை, பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர். வண்டிகளைப் பூஜைக்கு வரிசையாக நிறுத்த முடியாததால், வண்டிக்கு ஒரு ஆயுதம் மட்டும் வைத்தால் போதும் என்று தலைவர் முடிவு செய்தார். மாமி சாவியைக் கொடுத்தாள். அவருக்குத் திருப்தி இல்லை.

"சாவி ஆயுதமே இல்லேன்னேளே. அளக்கறதுதான் ஆயுதம், ஆடிட்டரா சொல்றேன்னு நீங்களே ரெண்டு வண்டிலேர்ந்தும் உருவிண்டு வந்தேளே. மறுநாள் விடிகாலம் நீங்கதானே திருப்பியும் சொருகினேள்?"

"அது லூயிஸ்..." என்று ஆரம்பித்தார் ஸ்ரீநாத்.

"எனக்கு லீவு சார்," என்றார் லூயிஸ். "இது எங்க பூஜ, ஒனக்கு இதுல என்ன வேல, வூட்டுக்குப் போன்னு நீங்கதான் சொன்னீங்க."

சுந்தரவல்லி குறிப்பு நோட்டின் இரண்டாவது வரியைப் படித்தாள்: இந்த பில்டிங்ல என்னையும் லூயிஸையும் தவிர அந்த பானட்டை ஒருத்தர் தொட்டதில்லை.

"ரெண்டுல ஒண்ணு கழிச்சா எவ்ளோ சார்?" என்றான் டெரிக். "நாப்பது கம்பெனி பாக்கறீங்கோ, டக்குனு சொல்லிருவீங்கோ."

ஸ்ரீநாத் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மை காய்ந்துவிட்டது. மாமி தூணுக்குப் போய்த் தன் வண்டியின் தலைக்கு மேல் இருந்த பதினெட்டாவது நோட்டீஸைக் கிழித்து, அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து, மன்னிப்பு எழுத வசதியாக அவர் முன்னால் வைத்தாள்.

அவர் எழுதவில்லை, சொன்னார். லூயிஸைப் பார்த்து, தரையைப் பார்த்து, கடைசியில் மறுபடி லூயிஸைப் பார்த்துச் சொன்னார். தெரியாமல் நடந்துவிட்டது, நாளைக் காலை வழக்கம் போல வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாமியும் தன் வண்டிக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி பொதுவாகச் சொல்லி வைத்தாள்.

லூயிஸ் ஸ்ரீநாத்தின் காருக்கு முன்னால் போனார். பானட்டைத் திறந்தார். நதீம் கொடுத்த ஸ்டிக்கை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். ஒன்பது வருடமாகச் செய்கிற மாதிரி அதை ஸ்ரீநாத்தின் கண் முன்னால் நீட்டினார்.

ஸ்ரீநாத் பழக்கதோஷத்தில் தலையாட்டினார்.

"தலைய ஆட்டாதீங்க சார்," என்றார் லூயிஸ். "பாருங்க."